பதினைந்து நாள் தங்க வந்தவர்

முதலில் உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. கீழே ஓர் ஊரின் பெயரை எழுதியிருக்கிறேன். அதை வாய்விட்டு, ஒரே மூச்சில், தப்பில்லாமல் சொல்லுங்கள் பார்க்கலாம்.

அஸ்த்ரத்கன்லைஸ்.

சொல்லிவிட்டீர்களா? அப்படியானால் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர். வேல்ஸ் நாட்டின் தென்கரையில் உள்ள ஸ்வான்ஸி நகரத்துப் பஸ் நிலையத்தில், இந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்க நான் மூன்று தடவை முயன்றேன். டிரைவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற வயதான அம்மாள் ஒருவர்தான் உதவிக்கு வந்தார். குழந்தைக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பது போல, "அஸ்... த்ரத்... கன்... லைஸ்" என்று பிரித்துப் பிரித்துச் சொன்னார். நானும் சொன்னேன். பஸ்ஸில் முன் வரிசையில் இருந்தவர்கள் கை தட்டாத குறைதான்!

அந்த அம்மாள் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். "எங்கள் ஊரில் யாரைப் பார்க்கப் போகிறீர்கள்?" என்று விசாரித்தார்.

"ஒரு சித்திரக்காரரை" என்றேன்.

"யார், ஜோ பாஹ்வையா? ஐயோ பாவம், அவர் காலமாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதே!"

"தெரியும், அம்மா. 2000-ஆம் வருஷமே காலமாகிவிட்டார். அவர் வரைந்த மனிதர்களைப் பார்க்கப் போகிறேன்."

அம்மாள் சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவர்களும்தான் போய்விட்டார்கள்" என்றார்.

* * *

'ஜோ பாஹ்' என்ற பெயரை முதலில் விளக்கிவிடுகிறேன். வேல்ஸ் மொழியில் 'பாஹ்' என்றால் 'சின்ன' என்று அர்த்தம். ஆனால் ஒருவருடைய பெயருக்குப் பின்னால் அதைச் சேர்த்துச் சொன்னால் உயரத்தைப் பற்றிய பேச்சே அல்ல. அது செல்லம். நம் வீடுகளில் மீசை நரைத்துப் பேரன் பேத்தி எடுத்தவரையும் பெரியம்மா 'குட்டி' என்று கூப்பிடுகிறாள் அல்லவா? அந்த மாதிரி. பெற்றவர்களும் உற்றவர்களும் கூப்பிடுகிற கூப்பாடு.

ஜோசப் ஹெர்மன் என்ற சித்திரக்காரருக்கு அந்த ஊரில் பெற்றவரும் கிடையாது, உற்றவரும் கிடையாது. அவர் வேல்ஸ்காரரே அல்ல. போலந்து நாட்டு வார்ஸா நகரத்தில், 1911-ஆம் ஆண்டில், செருப்புத் தைத்துப் பிழைத்த ஒரு ஏழை யூதரின் மூத்த மகனாகப் பிறந்தவர். அஸ்த்ரத்கன்லைஸுக்கு 1944-இல் வந்தபோது அவருக்கு அந்தப் பெயரை உச்சரிக்கவும் தெரிந்திருக்காது. (இதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்!) ஏதோ பதினைந்து நாள் தங்கி, நல்ல காற்று வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் வந்தார். ஆனால் தங்கியது பதினொரு வருஷம்.

ஏன் தங்கினார்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பிரயாணம். நீங்களும் என்னோடு பஸ்ஸில் ஏறிக்கொள்ளுங்கள். பதின்மூன்று மைல்தான்.

* * *

ஸ்வான்ஸிக்கு வேல்ஸ் மொழியில் 'அபெர்தாவே' என்று பெயர். தாவே ஆற்றின் முகத்துவாரம் என்று பொருள். நம் பஸ் அந்தத் தாவே ஆற்றை எதிர்த்துக்கொண்டு வடக்கே, மலையை நோக்கி ஏறுகிறது. ஒரு காலத்தில் இந்த முகத்துவாரத்தில் செம்பு உருக்கும் உலைகள் எத்தனை இருந்தனவென்றால், ஊருக்கே 'செம்புப் பட்டணம்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்களாம். செம்பு உருக்க நெருப்பு வேண்டும். நெருப்புக்கு நிலக்கரி வேண்டும். அது இந்தப் பள்ளத்தாக்கின் வயிற்றுக்குள்ளேயே கிடந்தது.

இங்கே கிடைத்தது சாமான்யமான கரி அல்ல. 'ஆந்த்ரசைட்' என்பார்கள். கல்லைப் போலக் கெட்டி; கையில் எடுத்தால் பளபளக்கும்; எரித்தால் அவ்வளவாகப் புகையாது. ஆனால் இலேசில் பற்றிக்கொள்ளாத பிடிவாதக்காரக் கரி. இரும்பு உருக்க இது உதவாது என்றே பல காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1837-ஆம் ஆண்டில், நாம் போகிற இதே அஸ்த்ரத்கன்லைஸில் இருந்த அனிஸ்கெட்வின் இரும்பாலையில், ஜார்ஜ் கிரேன் என்ற முதலாளியும் டேவிட் தாமஸ் என்ற நிபுணரும் உலைக்குள் சூடான காற்றை ஊதி, ஆந்த்ரசைட்டைக் கொண்டே இரும்பை உருக்கிக் காட்டினார்கள். 1839-இல் டேவிட் தாமஸை அமெரிக்கா அழைத்துக்கொண்டது. பென்ஸில்வேனியாவின் ஆந்த்ரசைட் இரும்புத் தொழிலுக்கு வித்திட்டவர் அவரே. உச்சரிக்க முடியாத ஊர்தான். ஆனால் உலகத்துக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருக்கிறது, பாருங்கள்!

தெற்கு வேல்ஸ் முழுவதற்கும் கணக்கெடுத்தால், 1913-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 5 கோடியே 70 லட்சம் டன் நிலக்கரி வெட்டினார்கள். 1920 வாக்கில் அங்கே சுரங்க வேலை பார்த்தவர்கள் ஏறக்குறைய 2 லட்சத்து 70 ஆயிரம் பேர். இன்று பஸ் ஜன்னல் வழியே பார்த்தால் ஒரு சுரங்கமும் கண்ணில் படவில்லை. மலைச் சரிவெல்லாம் பச்சை. ஆடுகள் மேய்கின்றன. கரிக் கழிவைக் கொட்டி வைத்த குன்றுகளின் மேல் புல் முளைத்து, எது கடவுள் செய்த மலை, எது மனிதன் செய்த மலை என்று புதியவர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

"அதோ, அந்த வளைவுக்கு அப்பால்தான் 2011-இல் நாலு பேர் போனார்கள்" என்று பக்கத்து அம்மாள் கையை நீட்டிக் காட்டினார். கிளீஷன் என்ற சிறிய சுரங்கத்தில் திடீரென்று வெள்ளம் புகுந்து, நான்கு தொழிலாளிகள் இறந்த சம்பவத்தைச் சொன்னார். "எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு ராத்திரி பழைய நாள் மறுபடி வந்தது போல இருந்தது" என்றார்.

* * *

முந்தின நாள் நான் ஸ்வான்ஸியில் பார்த்த படத்தைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் பஸ் ஏறினேன் என்பது உங்களுக்கு விளங்காது.

ஸ்வான்ஸியில் கிளின் விவியன் கலைக்கூடம் என்று ஒன்று இருக்கிறது. செம்பில் பணம் குவித்த குடும்பத்தைச் சேர்ந்த ஒரு ரசிகர், தாம் சேர்த்த கலைப் பொருள்களை ஊருக்குக் கொடுக்க, 1911-இல் திறந்த இடம் அது. ஹெர்மன் பிறந்த வருஷமும் அதுவே. அங்கேதான் அவருடைய 'சுரங்கத் தொழிலாளிகள்' என்ற பெரிய சித்திரம் இருக்கிறது. 1951-ஆம் ஆண்டு லண்டனில் 'பிரிட்டன் விழா' என்று கோலாகலமாக ஒரு பொருட்காட்சி நடந்ததே, அதில் கனிப்பொருள்களுக்கான மண்டபத்தில் வைக்கச் சொல்லி வரைந்த படம். ஆறு பலகைகளைச் சேர்த்து, ஏறத்தாழ இருபது அடி அகலத்துக்கு நிற்கிறது.

நான் என்ன எதிர்பார்த்துக்கொண்டு போனேன், தெரியுமா? நான் ஒரு பத்திரிகைக்காரன். நிலக்கரிச் சுரங்கம் என்றதும் என் மனத்தில் ஓடியதெல்லாம் இருட்டு, இடிபாடு, ஸ்ட்ரெச்சர், வாசலில் அழுகிற பெண்கள். 1913 அக்டோபர் 14-ஆம் தேதி வேல்ஸில் செங்கெனித் என்ற ஊரில் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளிகள் மாண்டார்கள். உலகப் பத்திரிகைகளெல்லாம் அங்கே ஓடின. அதற்கு முந்தின நாள் அந்த 439 பேரும் இருந்தார்கள் என்பது எந்தப் பத்திரிகைக்குத் தெரியும்? எங்கள் தொழில் அப்படி. செத்தால்தான் சுரங்கத் தொழிலாளி செய்தி ஆவான்.

ஹெர்மனின் படத்தில் யாரும் சாகவில்லை. யாரும் கரி வெட்டவும் இல்லை. வேலை முடிந்து மேலே வந்துவிட்டவர்கள். சும்மா இருக்கிறார்கள். அவ்வளவுதான்! பெரிய பெரிய தோள்கள், கனத்த கைகள், மண்ணில் பிடித்து வைத்தது போன்ற உடம்புகள். பழுப்பும் கறுப்புமாக இருக்கிற அந்த நிறத்துக்கு நடுவே, அணையப் போகிற அடுப்பில் கடைசித் தணல் தெரிவது போல ஒரு செம்மை.

அவர்கள் உட்கார்ந்திருக்கிற விதத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குந்தி உட்கார்ந்திருக்கிறார்கள்! நம் ஊர் டீக்கடை ஓரத்தில், வயல் வரப்பில், ரயில் நிலையத்தில், இரண்டு பாதங்களையும் தரையில் பதித்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவோமே, அதே குந்தல். மேல்நாட்டில் நான் நாற்காலியைத் தவிர வேறு எதிலும் மனிதர்கள் உட்கார்ந்து பார்த்ததில்லை. இந்த வித்தையை இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இந்தக் கேள்விதான் மறுநாள் காலை என்னைப் பஸ் ஏற்றியது.

* * *

அஸ்த்ரத்கன்லைஸில் இறங்கினோம். கடைத் தெரு, தேவாலயங்கள், ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள். நடுவே கூழாங்கற்களின் மேல் சலசலத்து ஓடுகிற தாவே ஆறு. அந்த அம்மாள் எனக்குப் பாலத்துக்குப் போகிற வழியைக் காட்டிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போனார். நான் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன்.

நின்றபடியே ஹெர்மனின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அவர் வார்ஸாவை விட்டுக் கிளம்பியது 1938-இல். யூதர்களுக்கும் இடதுசாரிகளுக்கும் அங்கே நாள் நன்றாக இல்லை. பெல்ஜியத்துக்குப் போய்ப் படம் வரைந்து பிழைக்கலாம் என்று புறப்பட்டார். வீட்டாரை அதற்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை. 1940-இல் ஜெர்மன் படைகள் பெல்ஜியத்துக்குள் நுழைந்தன. பிரான்ஸ் வழியாக ஓடி, எப்படியோ கப்பல் ஏறி, கடைசியில் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் ஒதுங்கினார். அங்கே உட்கார்ந்து, விட்டு வந்த வார்ஸாவை ஞாபகத்திலிருந்து வரைந்து வரைந்து தள்ளினார். அந்தத் தெருக்கள், அந்தத் தாடிக்கார முதியவர்கள், அந்தக் கல்யாணங்கள்.

1942-இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் அவருக்குச் செய்தி வந்தது. வார்ஸாவில் இருந்த அவருடைய குடும்பத்தில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

நேயர்களே! இதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சேர்க்கப் போவதில்லை. அந்த நிலையில் ஒரு மனிதர், இரண்டு வருஷம் கழித்து, உடம்பும் மனமும் சோர்ந்து, வேல்ஸ் மலைக் கிராமம் ஒன்றுக்கு வந்து சேர்கிறார் என்று மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வந்த சமயத்தில் ஒரு நாள் அந்தி வேளை. ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஆகாயம் முழுவதும் செம்பு நிறம். அப்போது வேலை முடிந்த தொழிலாளிகள் சிலர் பாலத்தின் மேல் வந்தார்கள். அந்தக் காலத்தில் எல்லாச் சுரங்கங்களிலும் குளியலறை கிடையாது. முகத்தில் அப்பிய கரியோடு வீட்டுக்கு நடந்து போய், அடுப்பின் முன்னால் தகரத் தொட்டியில்தான் குளிக்க வேண்டும். அப்படி, தலை முதல் கால்வரை கறுப்பாக வந்தவர்கள் பாலத்தின் நடுவே சூரியனுக்கு நேராக வந்தபோது, ஒரு கணம் அந்தப் பொன் வட்டம் அவர்களுடைய தலைகளுக்குப் பின்னால் நின்றது. தேவாலயங்களில் மகான்களின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டிருப்பார்களே, அது போல. அடுத்த கணம் அவர்கள் பாலத்தைக் கடந்து, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிரிந்து போய்விட்டார்கள்.

அவ்வளவுதான் நடந்தது. அந்த ஒரு கணம்தான் தமக்கு விதியாக அமைந்தது என்று ஹெர்மன் பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். பதினைந்து நாள் பதினொரு வருஷம் ஆனதும் அதனால்தான்.

* * *

முதலில் விடுதியில் தங்கினார். பிறகு, சோடாவும் லெமனேடும் செய்து விற்றுக்கொண்டிருந்த ஒரு பழைய கட்டடத்தின் பகுதியை வாங்கி, அதையே வீடாகவும் சித்திரக் கூடமாகவும் ஆக்கிக்கொண்டார். மையும் பேனாவும் தூரிகையும் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றுவார். குறிப்புப் புத்தகங்களில் கிறுக்கிக்கொண்டே இருப்பார். குழந்தையைச் சால்வையில் சுற்றி இடுக்கிக்கொண்டு நிற்கிற தாய், மூலையில் பேசிக்கொண்டிருக்கிற இருவர், மலை மேல் ஒற்றைக் குதிரை வண்டி, அந்தியில் வெறிச்சென்று கிடக்கும் தெரு.

நாடு முழுவதும் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. விநோதமான உச்சரிப்போடு பேசுகிற ஓர் அந்நியர், கையில் நோட்டுப் புத்தகத்தோடு சுரங்க வாசலில் நின்று படம் எழுதினால் என்ன ஆகும்? வேறு ஊராக இருந்தால் போலீஸுக்குச் சொல்லியிருப்பார்கள். அஸ்த்ரத்கன்லைஸ் அவருக்கு ஒரு செல்லப் பெயர் வைத்தது!

அதே காலத்தில் வேறொரு பெரிய கலைஞரும் சுரங்கத்தை வரைந்தார். ஹென்றி மூர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உலகப் புகழ் பெற்ற சிற்பி. அவர் இங்கிலாந்தில் காஸில்ஃபோர்ட் என்ற ஊரில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன். போர்க் காலத்தில் சர்க்கார் கேட்டுக்கொண்டதன் பேரில், தம் தகப்பனார் வேலை பார்த்த வீல்டேல் சுரங்கத்திலேயே இறங்கி, இருட்டில் ஊர்ந்து போய், கரி வெட்டுகிறவர்களைச் சித்திரமாக எழுதினார். 1942-இல் வந்த அந்தப் படங்கள் அற்புதமானவை. ஆனால் பாருங்கள், சுரங்கத்தில் பிறந்தவர் பூமிக்குள்ளே போய் உழைப்பை வரைந்துவிட்டுத் திரும்பினார். எங்கிருந்தோ வந்தவர் பூமிக்கு மேலேயே தங்கி, பெரும்பாலும் ஓய்வைத்தான் வரைந்தார். உழைப்பை நாலு நாள் பார்த்தாலும் வரைந்துவிடலாம். ஒரு மனிதன் சும்மா இருப்பதை வரைய வேண்டுமானால், நம் முன்னால் அவன் சும்மா இருக்கச் சம்மதிக்க வேண்டும். அதற்கு அவனுடைய அண்டை வீட்டில் குடியிருக்க வேண்டும்.

* * *

பாலத்திலிருந்து 'வெல்ஃபேர்' என்று ஊரார் சொல்லும் மண்டபத்துக்கு நடந்தேன். பிரிட்டனில் 1920-இல் ஒரு சட்டம் வந்தது. வெட்டுகிற ஒவ்வொரு டன் கரிக்கும் ஒரு பென்னி வீதம் சுரங்க முதலாளிகள் கட்ட வேண்டும். அந்தப் பணம் தொழிலாளிகளின் நலனுக்கு. இந்த மாதிரி மண்டபங்களுக்கும் விளையாட்டு மைதானங்களுக்கும் குளியலறைகளுக்கும் அந்தப் பென்னி உதவியது. இன்று அஸ்த்ரத்கன்லைஸ் மண்டபத்தில் சினிமா உண்டு, நாடகம் உண்டு. 2004 முதல் ஹெர்மன் பெயரில் ஓர் அறக்கட்டளையும் ஊரில் இயங்குகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சித்திரப் போட்டி வைக்கிறார்கள்.

உள்ளே ஹெர்மனின் படம் ஒன்றின் எதிரே எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். மரியாதையாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முந்தின நாளிலிருந்து மனத்தில் குடைந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டேன்.

"ஐயா, இந்த ஊர்க்காரர்கள் ஏன் இப்படிக் குந்தி உட்கார்ந்தார்கள்?"

அவர் என்னைக் குறும்பாகப் பார்த்தார். கைத்தடியைத் தூக்கித் தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் படுக்கைவாட்டில் பிடித்தார். "கூரை இவ்வளவு உயரத்தில் இருந்தால் நீங்கள் எப்படி உட்காருவீர்கள்?"

இந்தப் பக்கத்துக் கரிப் படலங்கள் பல மெல்லியவை. இரண்டு அடி, மூன்று அடி. அதற்குள் நிமிரவே முடியாது. பதினாலு வயதில் கீழே இறங்கியவன் வேலையும் சாப்பாடும் இளைப்பாறலும் குந்தியபடியே பழகிவிடுவான். மேலே வந்த பிறகும் உடம்பு அதை மறப்பதில்லை.

"எங்கள் வீட்டில் நல்ல நாற்காலி இருந்தது. ஆனாலும் என் தகப்பனார் வாசலில், சுவரோரம்தான் குந்துவார். அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். மூன்று பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். இருட்டுகிற வரையில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பகல் முழுவதும் அதைப் பார்க்காதவர்கள் அல்லவா?"

"இந்தப் படத்தில் இருப்பது அவரா?"

"முகம் தெரிகிறதா, பாருங்கள்."

பார்த்தேன். கண் இருக்கிறது, மூக்கு இருக்கிறது என்று சொல்லலாமே தவிர, இன்னார் என்று சொல்ல முடியாது. இது ஒரு குறை என்றே நான் நினைத்திருந்தேன்.

"என் தாயாருக்கு ஜோவின் படங்கள் பிடிக்கவே பிடிக்காது. 'ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது நல்ல சூட்டுப் போட்டுக்கொண்டு போகிறார்களே, அப்போது வரைந்தால் என்ன?' என்பாள். எனக்கும் சின்ன வயசில் அப்படித்தான் தோன்றியது" என்றார் பெரியவர். சற்று நிறுத்தினார். "தூசி என்றால் உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். சுரங்கத்துத் தூசி நெஞ்சுக்குள் படிந்து, நுரையீரல் கல்லாக இறுகிப் போகிற வியாதி. தெற்கு வேல்ஸில், அதிலும் ஆந்த்ரசைட் வெட்டிய இந்தப் பகுதியில், அது மிகக் கடுமையாக இருந்தது. 1940-களில்தான் அதற்கு ஒழுங்கான நஷ்டஈடு கிடைக்கத் தொடங்கியது.

"என் தகப்பனார் கடைசிப் பத்து வருஷம் மாடிப்படி ஏறவில்லை. கீழே அறையில் கட்டில் போட்டிருந்தோம். ராத்திரி முழுவதும் அவர் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்கும். அவரை நினைத்தாலே எனக்கு அந்தச் சத்தம்தான் ஞாபகம் வரும். ரொம்ப நாள் கழித்து இந்தப் படத்தைப் பார்த்தேன். இதில் இருக்கிற மனிதர் இருமவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறார். முகம் எழுதாமல் விட்டதனால் அவரை என் தகப்பனார் என்று நான் வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரர் வந்தால், அது அவருடைய தகப்பனார்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் குறிப்புப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

* * *

ஹெர்மன் 1955-இல் இந்த ஊரைவிட்டுப் போனார். மழையும் ஈரமும் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு இங்கிலாந்தில் வாழ்ந்தார். பிரான்ஸில், ஸ்பெயினில், மெக்ஸிகோவில் எல்லாம் சுற்றினார். எங்கே போனாலும் உழுகிறவர்களையும் மீன் பிடிக்கிறவர்களையுமே வரைந்தார். 1962-இல் வேல்ஸ் நாட்டின் தேசியக் கலை விழாவில் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். வேல்ஸ் மொழிக்கென்றே நடக்கிற அந்த விழாவில், ஒரு வார்ஸாக்காரருக்கு!

அதற்கிடையில் பள்ளத்தாக்கில் கரி வியாபாரம் நொடித்துவிட்டது. 1947 ஜனவரி 1-ஆம் தேதி சுரங்கங்களைத் தேசவுடைமை ஆக்கியபோது, இனி நல்ல காலம் என்று கொடி ஏற்றிக் கொண்டாடினார்கள். ஆனால் 1960-களில் இந்தப் பக்கத்துச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1984-85-இல் நாடு முழுவதும் நடந்த பெரிய வேலை நிறுத்தம் தோல்வியில் முடிந்த பிறகு, மிச்சமிருந்தவையும் வேகமாகப் போயின. தூசி இல்லாமல் போனதற்காக யாரும் அழவில்லை. ஆனால் தூசியோடு சேர்ந்து வேலையும் போயிற்று. மாலையில் மூன்று பேர் சேர்ந்து சுவரோரம் குந்துகிற வழக்கமும் போயிற்று.

வேடிக்கையைக் கவனித்தீர்களா? எல்லாவற்றையும் இழந்த ஒருவர் இந்த ஊருக்கு வந்தார். தம் சொந்தத் தெருவும் அதிலிருந்த மனிதர்களும் ஒரேயடியாக அழிந்துபோனதை அறிந்தவர். அதனால்தானோ என்னவோ, எதிரில் இருந்த தெருவையும் மனிதர்களையும், இவர்களும் நாளைக்கு இருக்க மாட்டார்கள் என்பது போல, அத்தனை அழுத்தமாக வரைந்து வைத்தார். நாளைக்கு அப்படியே ஆயிற்று. இன்று அந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் தாத்தாக்களைப் பார்க்க வேண்டுமானால், வார்ஸாவில் செருப்புத் தைத்தவரின் மகன் எழுதிய படத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஊர் அவருக்கு ஒரு பெயர் கொடுத்தது. அவர் ஊருக்கு அதன் மனிதர்களைத் திருப்பிக் கொடுத்தார்.

* * *

கடைசி பஸ்ஸுக்கு முன்னால் மறுபடி பாலத்துக்கு வந்தேன். பெரியவரும், "நானும் அந்தப் பக்கம்தான்" என்று கைத்தடியை ஊன்றிக்கொண்டு கூடவே வந்தார். அன்றைக்கு ஆகாயத்தில் செம்பு நிறம் இல்லை. வேல்ஸ் நாட்டுக்கே உரிய மெல்லிய தூற்றல்தான். பாலத்தின் மேல் ஒரு பையன் சைக்கிளில் போனான். ஒரு பெண் கைக்குழந்தையின் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். கறுப்பு முகத்தோடு யாரும் வரவில்லை.

தூரத்தில் பஸ்ஸின் விளக்குகள் தெரிந்தன. நான் அவரிடம் கை கூப்பினேன். "வருகிறேன், ஐயா. அஸ்த்ரத்கன்லைஸை மறக்க மாட்டேன்" என்றேன். இந்தத் தடவை நாக்குப் பிறழவில்லை.

பெரியவர் சிரித்தார். என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"போய்விட்டு வா, பாஹ்!" என்றார்.